ஆறு ஜோடிச் செருப்பும் ஒரு சம்பந்தி வீடும்

ஷம்சுதீனுக்கு ஆஸ்திரேலியப் பைத்தியம் பிடித்தது டெக்சாஸில், பேர்லேண்டில், அவர் வீட்டு சோபாவில். ஓய்வுபெற்ற ஒரு ஆஸ்திரேலியக் கணவனும் மனைவியும் காருக்குப் பின்னால் ஒரு கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு, செம்மண் காடு, கோதுமை வயல், கடற்கரை என்று ஊர் ஊராகச் சுற்றி, போகிற இடமெல்லாம் டீ போட்டுக் குடித்து, அதை வீடியோவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் ஷம்சுதீன் அதைத்தான் பார்த்தார். இருநூற்றுச் சொச்சம் வீடியோவையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். அந்த மனிதர் டயருக்குக் காற்றடிப்பதைக்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பதினெட்டு வருஷமாக ஷம்சுதீனின் சொந்தக் காருக்குக் காற்றடிப்பது அவர் மனைவி தாஜ் நிஷாதான்.

"தாஜு, ஒரு மாசம் லீவ் போட்டா நாமளும் ஆஸ்திரேலியா ஃபுல்லா கவர் பண்ணிடலாம்."

"ஒரு மாசம் லீவ் கிடைச்சா நான் உத்தமபாளையம் போவேன். நீங்க யார் கூட வேணா போய் கவர் பண்ணுங்க."

ஆறு மாதம் இழுத்தடித்து ஒரு வழியாகச் சமாதானம் ஆனார்கள். ஆஸ்திரேலியா டெக்சாஸ் ஆனது. ஒரு மாதம் நான்கு நாள் ஆனது. கேரவன், வீட்டையே உள்ளே வைத்துக் கட்டிய முப்பதடி நீள வாடகை வண்டி, ஒரு ஆர்.வி. ஆனது. பேர்லேண்டில் கிளம்பி, பருத்திக் காடுகளைத் தாண்டி, கடலோரமாகவே கார்ப்பஸ் கிறிஸ்டி வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. தாஜ் நிஷா இதற்கு ஒத்துக்கொண்டது கடலுக்காக இல்லை. கார்ப்பஸ் கிறிஸ்டிக்காக.

அந்த ஊரில்தான் ஆதிஃபின் பெற்றோர் இருந்தார்கள். ஆதிஃப் சன்னிவேலில் வேலை பார்க்கிறான். அவர்கள் மகள் ஷஹீமாவோடு ஒரே கம்பெனி ஷட்டில் பஸ்ஸில் இரண்டு வருஷம் போய்வந்தவன். "நோ வைப், அம்மா, மனசு ஒட்டல" என்ற ஒரே காரணத்தைச் சொல்லிப் பதினோரு வரன்களைத் தட்டிக்கழித்த ஷஹீமா, இருபத்தெட்டாவது வயதில் தானாக ஒரு பையனைக் காட்டி இவன்தான் என்றபோது, தாஜ் நிஷா அங்கேயே முசல்லாவை விரித்து இரண்டு ரக்அத் தொழுதாள். பையன் தமிழ் முஸ்லிம், நல்ல வேலை, நல்ல குணம். அவளே தேடியிருந்தாலும் இப்படிக் கிடைத்திருக்காது. பெரியவர்கள் ஒருதரம் நேரில் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி.

அந்தப் பாக்கியை நினைத்துத்தான் அவள் பயந்தாள். பையனின் வாப்பா டாக்டர் காதர் மீரான், காயல்பட்டினத்துக்காரர், இதய மருத்துவர். ஆதிஃபுக்கு முன்பு பேசிய ஒரு இடத்தில், பெண்ணின் அப்பா சாப்பாட்டு மேசையில் போனை எடுத்துப் பேசினார் என்பதற்காகவே அந்தச் சம்பந்தம் நின்றுபோனதாக ஷஹீமா சொல்லியிருந்தாள்.

"சண்டே, ஒன் ஓ'க்ளாக். அங்கிள் இஸ் வெரி பர்ட்டிகுலர். ப்ளீஸ் அம்மா, நீங்களும் அத்தாவும் ஜஸ்ட் பீ நார்மல்."

"நாங்க எப்பவும் நார்மல்தாண்டி."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கிளம்பினார்கள். தாஜ் நிஷா ஆர்.வி.க்குள் ஏறி, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கட்டில், கையகலக் குளியலறை எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டுச் சட்டத்தை அறிவித்தாள்.

"இதுவும் வீடுதான். கீழ கார்ப்பெட் போட்டிருக்கு, இதுலதான் முசல்லா விரிச்சுத் தொழணும். செருப்பு, ஷூ எதுவும் உள்ள வரக் கூடாது. படிக்குக் கீழயே கழட்டிடணும்."

"ஆஸ்திரேலியாக்காரங்க ஷூவோடதான் ஏறுறாங்க."

"அவங்க தொழறாங்களா?"

ஷம்சுதீன் இறங்கிச் செருப்பைக் கழற்றினார். பக்கவாட்டுக் கதவுக்குக் கீழே போடுவதற்கு வீட்டிலிருந்து ஒரு கால்மிதியும் எடுத்து வந்திருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி விடுவதில் எந்த ஆபத்தும் கிடையாது, ஏனென்றால் வீடு எங்கேயும் போவதில்லை. ஐம்பது வருஷமாக வாசலில் செருப்பைக் கழற்றிப் பழகிய இரண்டு பேருக்கு, வீடே கிளம்பிப் போய்விடும் என்பது மூளைக்கு எட்டினாலும் காலுக்கு எட்டாது. படித்தவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள், அமெரிக்காவில் வரி கட்டுகிறவர்கள். என்ன செய்வது, கால் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தது.

பே சிட்டியில் பெட்ரோல் போட நின்றார்கள். தாஜ் நிஷா பம்புக்குப் பக்கத்தில் கால்மிதியை ஒழுங்காக விரித்து இறங்கினாள். ரெஸ்ட்ரூம் போய்வந்து, கால்மிதியில் செருப்பைக் கழற்றி ஏறினாள். ஷம்சுதீனும் காபியோடு வந்து, தன் செருப்பை அவள் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி ஏறினார். கதவைச் சாத்தினார். வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் பலாசியோஸில், கடலை ஒட்டிய ஆர்.வி. பார்க்கில் கதவைத் திறந்து தாஜ் நிஷா காலைக் கீழே நீட்டினாள். கால் கொஞ்ச நேரம் காற்றில் துழாவியது. குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, என் செருப்பு எங்க?"

"எங்க கழட்டின?"

"படிக்குக் கீழதான்."

"எந்த ஊர்ப் படிக்குக் கீழ?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் காட்சி கண்முன் வந்தது. ஏழாம் நம்பர் பம்புக்குப் பக்கத்தில் ஒரு கால்மிதி, அதன்மேல் வரிசையாக இரண்டு ஜோடிச் செருப்பு. ஒரு புருஷனும் பொண்டாட்டியும் நின்ற நிலையிலேயே ஆவியாகிப் போன மாதிரி.

"நீங்க எடுத்து உள்ள வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"முப்பது வருஷத்துல நான் எதையாவது எடுத்து உள்ள வச்சு நீ பாத்திருக்கியா?"

அதை அவளால் மறுக்க முடியவில்லை. கடைசியாக ஏறுகிறவர்தான் இரண்டு பேர் செருப்பையும் எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று அடுத்த சட்டம் போட்டாள். கேட்பதற்கு நல்ல சட்டமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை இருவரும் வாக்கிங் ஷூவுக்கு மாறினார்கள். போர்ட் லவாக்காவில் விரிகுடாக் கரையோரம் ஒரு கல் மேசை கிடைத்தது. ஆஸ்திரேலியாக்காரர்கள் மாதிரியே ஷம்சுதீன் டீ போட்டு எடுத்து வந்தார். தாஜ் நிஷா சமோசா டப்பாவைத் திறந்தாள். வெள்ளைக் கடற்பறவை ஒன்று வந்து மேசையில் உட்கார்ந்தது.

"பாரு தாஜு, எவ்வளவு ஃப்ரெண்ட்லியா இருக்கு" என்று ஷம்சுதீன் அதற்கு ஒரு துண்டு போட்டார்.

அந்தப் பறவைக்கு உறவு ஜாஸ்தி. ஒரு நிமிஷத்தில் நாற்பது வந்தன. ஒன்று டப்பாவைத் தூக்கியது, ஒன்று ஷம்சுதீன் தலையில் இறங்கியது, இன்னொன்று அவர் கையிலிருந்த சமோசாவைக் கையோடு எடுக்கப் பார்த்தது. இரண்டு பேரும் கத்திக்கொண்டே ஓடினார்கள். கடைசியாக ஏறுகிறவர் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இருவரும் ஒரே சமயத்தில் கதவில் முட்டிக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். அந்த ஓட்டத்திலும் ஷூவைக் கீழே கழற்றிவிட்டு ஏறினார்கள் பாருங்கள், அதுதான் வளர்ப்பு என்பது.

இருபது மைல் தாண்டியபின் தாஜ் நிஷா தன் காலைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள்.

"திரும்பிப் போலாமா?"

ஷம்சுதீன் பக்கக் கண்ணாடியில், பின்னால் நீண்டு கிடந்த தன் வண்டியைப் பார்த்தார். அதைத் திருப்ப அவருக்கு ஒரு தாலுகாவே தேவைப்பட்டது.

"அந்தப் பறவைங்க இன்னும் அங்கதான் இருக்கும்" என்றார்.

அன்று ராத்திரி தங்கிய ராக்போர்ட்டில் ஒரு கடையில் ஆளுக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தாஜ் நிஷா கேட்கவும் செய்தாள். "அதான் நல்ல செருப்பு இருக்கே, நாளைக்கு நேரா அதையே போட்டுக்கலாம்" என்றார் ஷம்சுதீன். சம்பந்தி வீட்டுக்கென்று அவருக்குக் கறுப்பு லெதர் ஷூவும், அவளுக்குத் தங்க நிறப் பட்டை வைத்த செருப்பும் பெட்டியோடு இருந்தன. அவளும் சரி என்றுவிட்டாள். அந்தச் சரியை நினைத்து அவள் பின்னால் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷம்சுதீன் கோட் சூட் போட்டார். தாஜ் நிஷா மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை கட்டி, முக்காட்டுக்கு ஆறு ஊசி குத்தினாள். ஊரைவிட்டுக் கிளம்புமுன், அங்கே பெரிதாகச் செய்து வைத்திருக்கும் நீல நண்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்றார் ஷம்சுதீன். ஆஸ்திரேலியாக்காரர்கள் ஒரு ஊரில் கான்கிரீட் இறாலோடு எடுத்திருந்தார்களாம்.

எடுத்தார்கள். தாஜ் நிஷா முதலில் வந்து, படிக்குக் கீழே தங்கப் பட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். "நீங்கதான் கடைசி" என்று உள்ளிருந்து நினைவும் படுத்தினாள். ஷம்சுதீன் தன் ஷூவைக் கழற்றி, நாலையும் எடுக்கக் குனிந்தார். போன் அடித்தது. ஷஹீமா.

"அத்தா, கிளம்பிட்டீங்களா? ஆர் யூ ஆன் டைம்?"

"கிளம்பிட்டோம் கண்ணு, ஏறிட்டே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

கார்ப்பஸ் கிறிஸ்டியில் பழம் வாங்கலாம் என்று ஒரு கடை வளாகத்தில் நிறுத்தியபோது மணி பன்னிரண்டரை. தாஜ் நிஷா கதவைத் திறந்தாள். கீழே தார் ரோடு மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நண்டு கிட்டயா?" என்று ஷம்சுதீன் மெதுவாகக் கேட்டார்.

"நண்டு கிட்ட."

எதிரிலேயே ஒரு செருப்புக் கடை இருந்தது. ஆகஸ்ட் மாத வெயிலில் கொதிக்கும் தாரில், கோட் சூட்டோடு, வெறுங்காலோடு ஷம்சுதீன் குதித்துக் குதித்து ஓடினார். கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. சட்டை இல்லாதவர்களுக்கும் செருப்பு இல்லாதவர்களுக்கும் உள்ளே இடமில்லை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு காவலாளி நின்றார்.

"ஷூ இல்லாமல் உள்ளே விட முடியாது, சார்."

"ஷூ வாங்கத்தான் வந்திருக்கிறேன்."

"நல்லது சார். ஷூ போட்டுக்கொண்டு வந்து வாங்குங்கள்."

தாஜ் நிஷா அத்தனையையும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கணவர் அதேபோலக் குதித்துக்கொண்டே திரும்பி வந்தபோது, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அழுகைதான் ஜெயித்தது. பதினோரு வரன் போய், ஒன்று கூடி வருகிற நேரத்தில், செருப்பில்லாத ஆட்களாக அந்த வாசலில் போய் நிற்பதா? ஷஹீமா இதைக் கேட்டால் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். சத்தமே இல்லாமல் இருப்பாள். அதைத்தான் தாஜ் நிஷாவால் தாங்க முடியாது.

"அழாத தாஜு. யோசி. அவங்க வீட்டுக்குள்ள எப்படியும் செருப்பக் கழட்டிட்டுத்தானே போகணும்? நாம கொஞ்சம் முன்னாடியே கழட்டிட்டோம். உள்ள போயிட்டா எல்லாரும் வெறுங்காலுதான்."

முப்பது வருஷத்தில் அவர் சொன்ன யோசனைகளில் இது ஒன்றுதான் உருப்படி என்று அவளுக்குப் பட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டாக்டர் வீட்டுத் தெருவில் முப்பதடி வண்டிக்கு இடம் கிடைத்தது நாலு வீடு தள்ளித்தான். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. நடைபாதை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. புல்லில் இறங்கினால் நெருஞ்சி மாதிரி முள். அதனால் இரண்டு அடி சிமெண்ட், இரண்டு அடி புல், மறுபடி சிமெண்ட் என்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த மிட்டாய்ப் பெட்டியோடு, ஸ்ஸ் ஆ என்ற சத்தத்தோடு அந்த நாலு வீட்டுத் தூரத்தைக் கடந்தார்கள். மணியை அடிப்பதற்குள் கதவு திறந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க, வாங்க" என்றார் டாக்டர் காதர் மீரான். உயரமான, ஒல்லியான, சிரிப்பைச் செலவு செய்யாத முகம். பக்கத்தில் அவர் மனைவி ஆஃபீஃபா, கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், இஸ்திரி மடிப்புக் கலையாமல். அவர்கள் பார்வை ஒரு கணம் கீழே இறங்கி மேலே ஏறியது. அல்லது தாஜ் நிஷாவுக்கு அப்படித் தோன்றியது.

உள்ளே எல்லாம் நன்றாகவே போனது. நெய்ச்சோறு, களறிக் கறி, வட்டலப்பம் என்று ஆஃபீஃபா காயல்பட்டினத்தையே மேசையில் இறக்கியிருந்தாள். ஷம்சுதீன் போனை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தார். தாஜ் நிஷா நாற்காலிக்கு அடியில் காலை மடக்கி, உள்ளங்காலில் ஏறிய முள்ளோடு புன்னகைத்துக்கொண்டே சாப்பிட்டாள். அந்த வீட்டில் பேச்சு அளவாக இருந்தது. ரொம்ப அளவாக இருந்தது.

"ஆர்.வி.யிலயா வந்தீங்க, பாய்?"

"ஆமா, டாக்டர்."

"நல்லது."

இதுதான் நீளமான உரையாடல். பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. பதில் ஆதிஃப் மூலமாக வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தாஜ் நிஷா மூன்று மணிக்கு எழுந்தாள்.

உள்ளே வருவதற்குப் போட்ட திட்டத்தில், வெளியே போவதைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. விருந்தாளியை எந்தத் தமிழன் சோபாவிலிருந்தே அனுப்பியிருக்கிறான்? டாக்டரும் ஆஃபீஃபாவும் வாசல்வரை வந்தார்கள். வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விருந்தாளிகள் செருப்பு போடட்டும் என்று காத்திருந்தார்கள்.

வாசலில் கால்மிதி மேல் இரண்டு ஜோடி இருந்தன. ஆணுக்கு ஒரு பிரவுன் செருப்பு, பெண்ணுக்கு ஒரு மெரூன் செருப்பு. தாஜ் நிஷாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஷம்சுதீனுக்குக் கால் ஓடியது. நேராகப் போய் அந்த பிரவுன் செருப்புக்குள் நுழைந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். புருஷன் செருப்போடும் பெண்டாட்டி வெறுங்காலோடும் போனால் அது அதைவிட அசிங்கம். பிஸ்மில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மெரூன் செருப்புக்குள் காலை விட்டாள். அது அவள் அளவுக்கு இரண்டு நம்பர் சின்னது. குதிகால் பாதி வெளியே நின்றது.

டாக்டர் ஒரு அடி ஒதுங்கி வழிவிட்டார்.

"போய்ட்டு வர்றோம். அஸ்ஸலாமு அலைக்கும்."

"வ அலைக்கும் ஸலாம்" என்றாள் ஆஃபீஃபா, தன் செருப்பைப் பார்த்து.

"உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று தாஜ் நிஷா நடந்துகொண்டே, முகத்தில் புன்னகை மாறாமல், பல்லுக்குள் கேட்டாள்.

"ரெண்டு பேரும் என் காலையே பாத்துட்டு இருந்தாங்க தாஜு. கால் தானா போயிடுச்சு."

"சம்பந்தி வீட்டுச் செருப்பத் திருடிட்டுப் போறோம். சீக்கிரம் ஏறுங்க, சீக்கிரம்."

ஏறினார்கள். வண்டி கிளம்பியது. ஃப்ரீவேயைப் பிடிக்கும் முன் சிவப்பு விளக்கில் நின்றபோது, உள்ளங்காலில் கார்ப்பெட் உறுத்துவதை தாஜ் நிஷா உணர்ந்தாள். குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் பார்த்தாள்.

"என்னங்க. அவங்க செருப்பு எங்க?"

ஷம்சுதீன் தன் காலைக் குனிந்து பார்த்தார். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"படிக்குக் கீழ" என்றார் கடைசியில்.

எடுத்துக்கொண்டு போனதுகூடப் போகட்டும்; அவர்கள் கண் எதிரிலேயே நடுத்தெருவில் கழற்றி விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தாஜ் நிஷாவுக்கு அழுகை வரவில்லை. அழுகையைத் தாண்டி ஒரு தெளிவு வந்தது.

"வண்டியத் திருப்புங்க."

"ஆதிஃபுக்கு ஒரு மெசேஜ் போட்டா போதாதா?"

"போதாது. நேர்ல போய் எல்லாத்தையும் சொல்றேன். நம்மள என்ன நெனச்சாலும் பரவால்ல. என் பொண்ணு வாழ்க்கைய நடுரோட்டுல விட்டுட்டு நான் வீட்டுக்கு வர மாட்டேன்."

ஷம்சுதீன் வண்டியைத் திருப்பினார். ஒரு சர்ச்சின் பார்க்கிங், ஒரு வங்கியின் பார்க்கிங், யாரோ ஒருவர் வீட்டுப் பூச்செடிகளின் ஓரம் எல்லாம் அதற்குத் தேவைப்பட்டது. ஆனால் திருப்பினார். மூன்று நாளில் அவர் செய்த முதல் யூ-டர்ன்.

தெருவில் செருப்புகளைக் காணோம். வெறுங்காலோடு ஸ்ஸ் ஆ என்று வாசலுக்கு வந்தால், பிரவுனும் மெரூனும் கால்மிதி மேல் பழையபடி உட்கார்ந்திருந்தன. கதவு திறந்தது. ஆஃபீஃபாவின் கண் சிவந்திருந்தது. இஸ்திரி மடிப்பு கலைந்திருந்தது.

"எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார் டாக்டர் விறைப்பாக.

"அக்கா, டாக்டர், நான் சொல்றத முழுசாக் கேட்டுருங்க" என்று ஆரம்பித்தாள் தாஜ் நிஷா. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். முசல்லா, கார்ப்பெட், ஏழாம் நம்பர் பம்பு, நாற்பது பறவை, நண்டு, செருப்பு போட்டு வந்து செருப்பு வாங்கச் சொன்ன காவலாளி. "ஆறு ஜோடிய தொலைச்சிட்டு உங்க வாசல்ல நின்னோம். உங்களதப் போட்டுட்டுப் போனது தப்பு. அதையும் தெருவுல விட்டுட்டுப் போனது அதைவிடத் தப்பு. நாங்க இப்படித்தான். எங்களுக்கு ஒரு ஒழுங்கும் வராது. ஆனா என் பொண்ணு அப்படி இல்லக்கா. எங்களப் பாத்து அவள வேணாம்னு சொல்லிடாதீங்க."

டாக்டரும் ஆஃபீஃபாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ அது உங்க ஊர் வழக்கம் இல்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"எது?"

"வெறுங்காலோட வந்தீங்க. ஏதோ நேர்ச்சை போலன்னு நெனச்சோம். போகும்போது எங்க செருப்பப் போட்டுக்கிட்டீங்க. உத்தமபாளையம் பக்கம் சம்பந்தம் பிடிச்சுப்போச்சுன்னா இப்படித்தான் மாப்பிள்ள வீட்டுச் செருப்ப எடுத்துட்டுப் போவாங்க போலன்னு நான் சொன்னேன். இவளுக்கு ஒரே சந்தோஷம்."

"அப்புறம் நடுத்தெருவுல கழட்டிட்டுப் போனீங்களே" என்றாள் ஆஃபீஃபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்கள வேணாம்னுட்டீங்கன்னு நெனச்சேன். நெய்ச்சோறு சரியில்லையா, நான் கம்மியாப் பேசிட்டேனான்னு ஒரே அழுக. ஆதிஃப் போன் பண்ணினா என்ன சொல்றதுன்னு போனையே ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்."

யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை இரு வீட்டாருக்கும் தகராறு உண்டு. ஷம்சுதீன் என்கிறாள் ஆஃபீஃபா. ஆனால் தாஜ் நிஷா பார்த்தது டாக்டரை. அந்த ஒல்லி முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போய், தோள் குலுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, "நண்டு கிட்ட... நண்டு கிட்ட..." என்று திக்கியது. ஆஃபீஃபா கதவு நிலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாஜ் நிஷாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட பருத்தியும் மயில்கழுத்துப் பட்டும் ஒன்றின்மேல் ஒன்று கசங்கின. ஷம்சுதீன் மட்டும் வெயிலில் நின்று காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார், ஏனென்றால் யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் ஆஃபீஃபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாஜ் நிஷாவின் கையைப் பிடித்தாள்.

"ஷஹீமாவுக்குக் கால் என்ன சைஸு?"

தாஜ் நிஷா அவளைப் பார்த்தாள். கல்யாணம் பேசி முடித்தால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தட்டுத் தட்டாகச் சாமான் அனுப்புவார்கள். புடவை, நகை, வாசனைப் பொருள், அதோடு ஒரு தட்டில் புதுச் செருப்பு. இது காயல்பட்டினத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் பொது. வேண்டாம் என்று சொல்லப்போகிற வீட்டில் பெண்ணின் கால் அளவைக் கேட்க மாட்டார்கள்.

"ஏழரை" என்றாள். அதைச் சொல்வதற்குள் கண்ணீர் கன்னத்தில் இறங்கிவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஏழரை" என்று ஆஃபீஃபா மனதில் பதித்துக்கொண்டாள்.

டாக்டர் காதர் மீரான் சுவரை விட்டு நிமிர்ந்து, பழைய முகத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு ஜோடியா வாங்கு ஆஃபீஃபா" என்றார். "இவங்க பொண்ணுதானே."